கழிக்காத ஒரு மணி நேரம்

நான் தகப்பனை முழுங்கினவள். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஏதோ வீட்டுக்கு அடையாளம் சொல்கிற மாதிரி. "அந்தப் பச்சை கேட்டு வீடாக்கும். தம்பிக்காரன் அமெரிக்காவுல செத்துப் போயிட்டான். பிள்ளை பிறந்து நாலு மாசம்கூடத் தெகையல்ல." அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. கேட்கிறவர் 'ச்சு' கொட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார், நான் கையில் எலும்புத் துண்டு வைத்திருக்கிறேனா என்று பார்ப்பதுபோல.

எல்லாம் என் ஜாதகத்தால் வந்தது. நான் பிறந்தது நியூ ஜெர்சியில், ஜூலை மாசம், பகல் இரண்டேகால் மணிக்கு. அப்பா ஜெயகுமார் அந்த நேரத்தைப் போனில் தன் அண்ணனிடம் சொன்னார். அண்ணன், அதாவது என் பெரியப்பா தாணுமாலையன், அதைப் பழவங்காடியில் கோலப்பன் ஜோசியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஜோசியர் அமெரிக்க நேரத்தோடு பத்தரை மணி கூட்டி நம்மூர் நேரமாக்கிக் கட்டம் போட்டார். விருச்சிக லக்னம். ஒன்பதாம் இடத்தில் சூரியனும் சனியும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாம் இடம் அப்பாவுக்கு உரியதாம். 'இந்தப் பிள்ளை தகப்பனுக்கு ஆகாது' என்று அவர் எழுதிக் கொடுத்தது ஆகஸ்டில். நவம்பரில் அப்பா ரோட்டில் கார் அடித்துச் செத்துப்போனார். ஒரு ஜோசியருக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேண்டுமா?

அம்மா கிருஷ்ணவேணி என்னைத் தூக்கிக்கொண்டு கரமனைக்கு வந்தாள். அவளுக்கு அப்பா வீட்டில் ஆளில்லை. புகுந்த வீடுதான் வீடு. பெரியப்பா நல்லவர். மாடியை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார், என்னைப் படிக்கவைத்தார், ஒரு நாள்கூடக் கை ஓங்கியதில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். வருஷா வருஷம் அப்பாவின் திவசத்தன்று நான் வீட்டில் இருக்கக் கூடாது. கொன்றவள் கண் முன்னால் செத்தவர் வந்து சாப்பிட மாட்டார் என்பது கணக்கு.

சின்ன வயதில் பக்கத்து வீட்டில் விடுவார்கள். அப்புறம் நானே போகப் பழகினேன். காலையில் குளித்து, கிழக்கேகோட்டையில் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, அது போகிற இடம் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பாயச வாசனை இருக்கும். எனக்கென்று ஒரு தட்டில் மிச்சம் மூடி வைத்திருப்பார்கள். அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு இந்த உலகத்தில் பெரிய ஆசைகள் கிடையாது. அந்த ஒரு நாள் அந்த இலைக்கு முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

டிகிரி முடித்ததும் கழக்கூட்டத்தில் வேலை கிடைத்தது. நியூ ஜெர்சியில் பல் வலிக்கிறவர்களுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து டாக்டரின் நேரம் குறித்துக் கொடுக்கிற கம்பெனி. எங்கள் ஹாலில் சுவரில் மூன்று கடிகாரம், தேதி கிழமையோடு: நம்மூர், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா. நமக்கு விளக்கு வைக்கும்போது அவர்களுக்கு விடியும். நான் பிறந்த ஊரின் மணி எந்நேரமும் என் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் முதல் வாரம் மேலதிகாரி வந்து, "இனி ஷிப்ட் ஒரு மணி நேரம் லேட்டாத் துடங்கும்" என்றார். ஏன் என்று கேட்டேன். பக்கத்து சீட் சுஜா, பாறசாலைக்காரி, இரண்டு வருஷம் சீனியர், சிரித்தாள்.

"உனக்கு அறிஞ்ஞூடே? இது தெரியாதா? அவங்க வெயில் காலத்துல கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளி வைப்பாங்க. குளிர் வரும்போ பழையபடி பின்னாடி இழுப்பாங்க. வெயில் காலத்துல நமக்கும் அவங்களுக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம். இப்போ பத்தரை."

அன்று எத்தனை பேருக்குப் பல் பிடுங்க நேரம் கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. நான் பிறந்தது ஜூலை. வெயில் காலம். ஜோசியர் கூட்டியது பத்தரை. கூட்ட வேண்டியது ஒன்பதரை. ஒரு மணி நேரம் அதிகம்.

அதே வாரம்தான் அமெரிக்கத் தலைவரிடமிருந்து எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது. இந்த மணிக் குழப்பமே வேண்டாம், புது வருஷத்திலிருந்து கம்பெனி முழுவதற்கும் லண்டன் கிரீன்விச் மணியையே ஒரே கடிகாரமாக வைத்துக்கொள்ளலாமா, உலகமே ஒரு நாள் இதற்குத்தான் வரப்போகிறது, வேண்டும் அல்லது வேண்டாம் என்று ஓட்டுப் போடுங்கள் என்று. கேன்டீனில் பெரிய தர்க்கம். சுஜா வேண்டாம் கட்சி. "ஏழு மணின்னா காலைச் சாயான்னு எனக்க வயித்துக்குத் தெரியும். நாளைக்கு ஒன்றரை மணியை விடியக்காலம்னு சொன்னா அது கேட்குமா?" என்றாள்.

நான் மேஜையைத் தட்டிப் பேசினேன். ஊருக்கு ஒரு மணி வைத்துக்கொண்டு, அதையும் இஷ்டத்துக்குத் தள்ளியும் இழுத்தும் வைத்தால் எவனாவது எங்காவது தப்புப் பண்ணத்தான் செய்வான், அந்தத் தப்புக்கு யாரோ ஒருத்தி ஆயுசு முழுக்கத் தண்டம் கட்ட வேண்டும், இந்த நேர மண்டலம் கிண்டலமெல்லாம் ஒழியட்டும் என்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சுஜாவிடம் மட்டும் அப்புறம் சொன்னேன். "நீ ஜாதகத்தை நம்புறியா?" என்று கேட்டாள். நான் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன. என்னை வெளியே போகச் சொல்கிறவர்கள் நம்புகிறார்கள்.

திவசத்துக்குப் பத்து நாள் இருந்தது. சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்பும் முன்னால் அம்மாவிடம் சொன்னேன். அவள் சாலைக் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இதெல்லாம் யாரு சொல்லித் தந்தது?"

"யாரும் தரல்ல. எனக்க ஜோலியே அதாக்கும். ஆனா ஒரு விஷயம் உனக்குத்தான் தெரியும். அப்பா விவரமுள்ள ஆளு. ஒருவேளை அந்த ஒரு மணியை அவங்களே கழிச்சிட்டுப் பெரியப்பாகிட்டச் சொல்லியிருந்தா ஜாதகம் சரி. கழிக்காமச் சொல்லியிருந்தா தப்பு. பர்த் சர்டிபிகேட்டுல தேதிதான் இருக்கு, நேரம் இல்ல."

அம்மா யோசிக்கவே இல்லை. "கழிக்கவும் இல்ல, கூட்டவும் இல்ல. நான் கட்டில்ல கிடக்கேன். எனக்க பக்கத்துல நின்னுதான் அவிய அத்தானுக்கு, உனக்க பெரியப்பாவுக்குப் போன் போட்டாவ. சுவர்ல இருந்த கடிகாரத்தைப் பார்த்து, இப்போ மணி ரெண்டரை, பிள்ளை பிறந்தது ரெண்டேகாலுக்குன்னு சொன்னாவ. எனக்கு நல்ல ஓர்ம உண்டு."

சொல்லி முடித்தபிறகுதான் அவளுக்கே விளங்கியது. ஈரக் காலோடு அப்படியே படியில் உட்கார்ந்தாள். அப்புறம், நான் கேட்காமலே, அப்பா செத்த கதையைச் சொன்னாள். இருபது வருஷமாக எனக்குச் சொல்லாத கதை. குளிர்காலத்துக்கு மணியை மாற்றின கொஞ்ச நாளில் நடந்ததாம். அப்பா ஆபீஸ் விட்டு நடந்து வருகிற நேரம் அதுவரைக்கும் வெளிச்சமாக இருந்ததாம். மணியை மாற்றினதும் அதே நேரம் கும்மிருட்டாகிவிட்டது. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தவரை வண்டிக்காரன் பார்க்கவில்லை.

"இருட்டுதான் கொன்னுதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், மக்களே," என்றாள். "ஆனா ஜாதகத்துல எழுதியிருக்கும்போ நான் என்ன சொல்ல?"

என் தலையில் கை வைத்தாள். எண்ணெய் தேய்ப்பதற்குத் தவிர அம்மா என் தலையைத் தொட்டதாக நினைவில்லை. "இந்தத் திவசத்துக்கு நீதான் இலை போடணும்," என்றாள். நான் ஆபீஸ் வண்டியில் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் சாயங்காலம் எனக்கு லீவு. பெரியப்பாவிடம் அம்மாவே பேசினாள். அவர் மின்சார வாரியத்திலிருந்து ரிட்டயர் ஆனவர். கணக்குத் தப்பினால் பொறுக்காதவர். "அப்படியா சங்கதி? போய்க் கேட்போம்," என்று சட்டை மாட்டிக்கொண்டார். மூன்று பேருமாகப் பழவங்காடிக்குப் போனோம். பிள்ளையார் கோயில் முன்னால் அம்மா ஒரு தேங்காய் வாங்கினாள். திரும்பி வரும்போது உடைக்க வேண்டுமாம். ஒன்று போதுமா என்று அவளே கேட்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

கோலப்பன் ஜோசியருக்குப் பாத்திரக்கடை மாடியில் ஒரு அறை. இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மனுஷன் மழுப்பவில்லை. "அன்னைக்கு எனக்கு அமெரிக்கான்னா பத்தரைன்னுதான் தெரியும். வெயில் கால மணியெல்லாம் எவன் கண்டான்?" என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்தைக் குறைத்துப் புதுக் கட்டம் எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"துலா லக்னம். சூரியனும் சனியும் பத்துல வந்து விழுது. பத்து ஜோலிக்குள்ள இடம். தகப்பனுக்கு ஒரு கேடும் காணல்ல." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பிள்ளை மேல குத்தமில்ல."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பசித்தது. கீழே இறங்கியதும் மசால் தோசை சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. அம்மா பையிலிருந்த தேங்காயை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா புதுக் கட்டத்தை எட்டிப் பார்த்தார். கெட்ட எண்ணமில்லை, கணக்கு இடிக்கிறதே என்கிற யோசனைதான். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"ஜோசியரே, ஜெயகுமாருக்க ஜாதகமும் நீருதான் எழுதினீரு. எண்பது வயசுன்னு போட்டிருக்கு. பிள்ளை ஜாதகத்துல தோஷம் இருந்ததுனால அது வெட்டுப்பட்டுப் போச்சுன்னு அன்னைக்குச் சொன்னீரு. இப்போ பிள்ளை ஜாதகம் சுத்தம். பின்னே எனக்க தம்பி எதனால செத்தான்?"

ஜோசியர் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார்.

"காரணம் இல்லாமப் போகாது. கெட்டினவளுக்க ஜாதகத்தையும் பார்க்கணும். மாங்கல்ய ஸ்தானத்துல என்னமாம் உண்டான்னு." அம்மா பக்கம் திரும்பினார். "அம்மைக்க ஜாதகம் கையில இருக்கா?"

"வீட்டுல பீரோவுல இருக்கும்," என்றார் பெரியப்பா. "நாளைக்குக் கொண்டாறேன்."

அதை அவர் ரேஷன் கார்டைக் கொண்டுவருகிற மாதிரிதான் சொன்னார். ஆனால் அந்த அறையில் என்ன நடந்தது என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. என் மேலிருந்து இறங்கினது தரையில் விழவில்லை. அடுத்த தோளைத் தேடிக்கொண்டிருந்தது. நான் சம்பாதிக்கிறேன், நாளைக்கே ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விடலாம். அம்மா ஐம்பது வயசுக்காரி, போக்கிடம் இல்லாதவள், அந்தப் பச்சை கேட்டுக்குள்ளேயே புருஷனை முழுங்கினவளாக மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

ஜோசியரே மறுபடி ஆரம்பித்தார். "அதுக்கு முன்னே ஒண்ணு கேட்கணும். ஜெயகுமார் படிச்ச ஆளு. அங்கே மணி தள்ளி வச்சிருக்கிறது அவருக்குத் தெரியாம இருக்குமா? கழிச்சிட்டுச் சொன்னாரா, கழிக்காமச் சொன்னாரா? கழிச்சுச் சொன்னாருன்னா பழைய ஜாதகமே சரி, இது ஒண்ணும் வேண்டாம். பக்கத்துல இருந்தது யாரு?"

மூன்று பேரும் அம்மாவைப் பார்த்தோம்.

அம்மா தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் குடுமியைத் தடவினாள். "கழிச்சுத்தான் சொன்னாவ," என்றாள்.

"நல்லா ஓர்ம உண்டா?"

"உண்டு. வெயில் கால மணி ஒண்ணு கூடுதல், அதைக் கழிச்சுச் சொல்லுகேன்னு அத்தானுக்குப் போன் போடும் முன்னே எனக்கிட்டச் சொன்னாவ. நேத்து இவ கேட்டப்போ எனக்கு நேரா ஓர்ம வரல்ல."

என் வாய் வரைக்கும் வந்தது. சுவர்க் கடிகாரம், மணி ரெண்டரை, பக்கத்தில் நின்று பேசினது, எல்லாம் நேற்றுச் சொன்னாயே என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? அம்மா என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்திருந்தால் கேட்டிருப்பேன். அவள் பார்க்கவில்லை. கடைசிவரைக்கும் பார்க்கவில்லை. அவள் விரல் மட்டும் தேங்காய் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அது பாசமா, கோபமா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அப்போ சரி," என்றார் பெரியப்பா. கணக்கு நேரான நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. என் தோளைத் தட்டி, "விசாரிச்சுப் பார்த்ததுல தப்பில்ல மக்களே," என்றார். ஜோசியர் புதுக் கட்டத்தை இரண்டாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

கோயில் முன்னால் யார் யாரோ தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சில்லு தெறித்து ரோடு வரைக்கும் வந்து விழுந்தது. அம்மா நிற்காமல் நடந்தாள். அந்தத் தேங்காய் வீட்டுக்கு வந்து, அடுக்களை அலமாரியில் இருந்து, திவசச் சமையலுக்கு ஆனது.

திவசத்தன்று காலையில் நானே எழுந்து குளித்துக் கிளம்பினேன். யாரும் போகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடத்தில் பெரியப்பா அப்பாவின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுக்களையில் எண்ணெய் காய்கிற வாசனை. செருப்பு மாட்டும்போது அம்மா பின்னால் வந்து ஒரு டிபன் டப்பாவை என் கையில் திணித்தாள். எந்த வருஷமும் தந்ததில்லை. "போற வழியில தின்னாத. அங்க போய்த் தின்னு," என்று வாசல் நடையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போக வேறு இடமில்லாமல் ஆபீசுக்கே போனேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். ஹாலில் ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் சீட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். நாலு உளுந்த வடை. இன்னும் சூடு ஆறவில்லை.

படையலுக்குச் சுட்ட வடை. அதை இலையில் வைக்கும் முன்னால், காக்கைக்குச் சோறு வைக்கும் முன்னால், வீட்டில் ஒருத்தரும் தொடக் கூடாது. சமைக்கிறவள் உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டில் இதற்கு மேல் ஒரு குற்றம் கிடையாது. அதைச் செய்துதான் அம்மா எனக்கு இந்த நாலு வடையைத் தந்திருக்கிறாள். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் எனக்கு வடை வேண்டியிருக்கவில்லை. 'கழிக்கவில்லை' என்ற ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. அதை அவள் தரவில்லை. மன்னித்துவிட்டாயா என்று கேட்டால், இல்லை.

எதிரே சுவரில் மூன்று கடிகாரமும் ஓடின. நியூ ஜெர்சியில் இன்னும் முந்தின நாள் ராத்திரி. கிழமையும் தேதியும் சிவப்பு எழுத்தில் தெளிவாக இருந்தன. அங்கே அப்பாவின் நாள் இன்னும் பிறக்கவில்லை. அங்கே என்னை யாரும் இன்னும் வெளியே அனுப்பவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒரே கடிகார ஓட்டுக்கு அன்றுதான் கடைசி நாள். மேஜையைத் தட்டிப் பேசினவள் நான். தப்பு கடிகாரத்தில் என்று நினைத்திருந்தேன். உலகம் முழுக்க ஒரே மணி அடித்தாலும், நேரத்தை வாயால் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பயம் வந்தால் மணி மாறிவிடும். இந்த மூன்றையும் ஒன்றாக்கினால் முந்தின நாள் மிச்சம் இருக்கிற ஊர் என்று எனக்கு ஒன்றுகூட இருக்காது. 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன்.

வீட்டில் இந்நேரம் இலை போட்டிருப்பார்கள். பெரியப்பா காக்கையைக் கூப்பிட மொட்டைமாடிக்கு ஏறியிருப்பார். நான் அப்பாவுக்கு முன்னால், அப்பாவுக்குச் சுட்ட வடையை எடுத்துக் கடித்தேன். நாலையும் தின்றேன். இத்தனை வருஷமாக முழுங்கினவள் என்று சொன்னார்களே, இன்றைக்குத்தான் அது உண்மையாயிற்று.